கலீலின் கண்ணும் மலைநாட்டுத் திராட்சையும்

கலீலுக்குச் சோறு போட்டது அவன் கண். கடைசியில் காலைக் கட்டிப்போட்டதும் அதேதான்.

வேலம்பாளையத்துச் சாயப்பட்டறையில் அவன் கலர் மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து எந்தத் துணித்துண்டு வந்தாலும் அதே நிறத்தில் சாயம் கூட்டித் தந்துவிடுவான். பதினோரு வருடச் சாயப்புகையில் இப்போது படி ஏறினாலே இழுப்பு. இந்தத் தொழிலை விட்டுவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் மச்சான் அப்ரோஸ் ஒரு வேலை பேசி வைத்திருந்தான். டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் அனுபவக் கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும். கடிதம் தர வேண்டியவர் முதலாளி அப்புசாமி.

"இந்த ஒரே ஒரு ஷேடு பாஸாகட்டும் கண்ணு. அப்புறம் தாராளமாப் போ" என்றார் அவர்.

அது வெளிநாட்டு மலைப்பக்க ஒயின்காரன் ஒருவனின் ஆர்டர். அந்த வருடம், 2006இல், இறக்கிய புது ஒயினில் நனைத்த துணியையே அனுப்பி, பனியன் இதே நிறத்தில் வேண்டும் என்றிருந்தான். மது பட்ட துணி என்பதால் கலீல் கையுறை மாட்டிக்கொண்டுதான் அதைத் தொட்டான். மூன்று முறை சாயம் கூட்டினான். மூன்று முறையும் துணியோடு அச்சு அசலாகப் பொருந்தியது, மூன்று முறையும் 'நீலம் தூக்கல்' என்று திரும்பி வந்தது. நவம்பர் பாதி போய்விட்டது. கலீலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மெயில் பார்க்கும் சித்ராதேவி வாசித்துச் சொன்னாள்: "அவங்க மலையில ராத்திரி குளிர்ந்தாத்தான் திராட்சைத் தோல்ல நெறம் ஏறுமாங்க. அந்தக் குளிருதான் புளிப்பையும் காப்பாத்துமாம். புளிப்பு இருந்தாத்தான் செவப்பு நிக்குமாம். இந்த வருசம் குளிரு முந்திருச்சாம், அதனாலதான் இந்தக் கலராம்."

கலீலுக்குச் சுருக்கென்றது. முதல் நாளே அந்தத் துணியில் ஒரு துணுக்கு வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தான். அது சிவப்பாகவே இருந்தது. மேசைமேல் கிடந்த துணிதான் விளக்குச் சூட்டில் புளிப்பு போய் நாளுக்கு நாள் நீலம் பாய்ந்திருந்தது. இத்தனை நாளும் மாறிக்கொண்டே போன நிறத்தை அவன் துரத்தியிருக்கிறான்.

துணுக்கைப் பார்த்துக் கூட்டிய சாயம் இருபத்தெட்டாம் தேதி பாஸானது. கடிதத்துக்கு ஓடினான். அப்புசாமி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"அங்க குளிரு வருசா வருசம் மாறுமாம், கலரும் மாறுமாம். அஞ்சு வருசத்துக்கு ஆர்டர் குடுத்துட்டான் கண்ணு. இதே மாஸ்டர்தான் பாக்கோணும்னு எழுதியிருக்கான். நான் எப்படி உன்னைய அனுப்பறது?"

"லெட்டருங்க..."

"பாக்கலாம் பாக்கலாம்."

இரண்டாம் தேதி அப்ரோஸ் போன் செய்தான். "வேற ஆளைச் சேத்துட்டாங்க மச்சான். என்னதான் ஆச்சு உனக்கு?"

கலீல் இழுப்புக்கு நடுவே சொன்னான்: "நாலாவது தடவையும் தப்பாவே கூட்டியிருந்தா என்னைய வெரட்டியுட்டிருப்பாங்க மச்சான். இந்நேரம் அங்க இருந்திருப்பேன்."