என் கதாநாயகியைப் பெண் பார்க்க வந்தார்கள்

நான் ஒரு தொடர்கதை எழுதினேன். அதற்காக மயிலாப்பூர் என்னை வைத தினுசைச் சொன்னால், கதையில் ஏதோ கொலை நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். கொலையெல்லாம் இல்லை. பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி. நாலு பேர் எதிரே வாய் திறக்க மாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு காலேஜ் பையனை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்ப்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. இதற்குத்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டம்.

முப்பதுகளின் கடைசி அது. பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு என் கணவர் எழுத அனுமதி கொடுத்திருந்தார். நானும் போடவில்லை. ஆனால் பத்திரிகை ஆபீஸ் பியூன் சைக்கிளை எங்கள் வாசலில் சாய்த்துவிட்டு, "கதை ரெடியாம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான். இரண்டாம் வாரமே தெற்கு மாட வீதியில் தெரியாதவர் பாக்கியில்லை.

அந்த நாளில் ஒரு வீட்டில் பத்திரிகை வாங்கினால் பத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்பார்கள். படிப்பார்கள் என்று சொல்லவில்லை, கேட்பார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். வக்கீல் குமாஸ்தா அவர். மனு வாசிக்கிற அதே குரலில்தான் என் கதையையும் வாசிப்பார். அக்கம்பக்கத்து மாமிகள் எல்லாம் வந்துவிடுவார்கள். என் மாமியாருக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஒரு வரி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடுவார். நான் மட்டும் அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் நான்தான். திருவல்லிக்கேணியில் நான் பிறந்த வீடு, அந்த ஜன்னல், அந்தப் பையன், எல்லாம் நிஜம். அதை என் கணவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு உட்கார எனக்கு நெஞ்சுரம் போதவில்லை.

இதை வீட்டில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? கல்யாணமாகி வந்த புதிதில் நான் பேசாமல் இருந்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒன்பது வருஷம் என் மாமியாரோடு குடித்தனம் பண்ணினேன். அவரோடு ஒன்பது வருஷம் இருந்தால் ஊமைக்கும் வாய் வந்துவிடும். எனக்கு நன்றாகவே வந்திருந்தது.

அப்படியானால் கதையில் வருகிறவள் யார் என்று ஊர் யோசித்தது. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. என் நாத்தனார் எங்களோடுதான் இருந்தாள். கணவரின் கடைசித் தங்கை. பதினைந்து வயசு. அதிகம் பேச மாட்டாள். போதாதா? அவளேதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது. கபாலி கோயில் பிராகாரத்தில் ஒரு மாமி என்னை நிறுத்தி, "அந்தப் பையன் யாருடீ? நம்மவாதானே?" என்று காதோடு கேட்டாள். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் லஸ் முனையில் டிராமிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாக என் கணவரைப் பிடித்துக்கொண்டு, வயசுக்கு வந்த பெண் ஜன்னலண்டை நிற்கலாமா, அதை அச்சிலும் போடலாமா என்று ஒரு மூச்சு கத்தியிருக்கிறார். எங்கள் பேட்டைக் குதிரைவண்டிக்காரன் வேறு. அவன் பெண்டாட்டி பாத்திரம் தேய்க்கிற வீட்டிலும் கதை படிக்கிறார்களாம். "இன்னாம்மா, அந்தப் பொண்ணு இன்னும் ஊமையாவே கீது? அந்தத் தம்பியாண்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லும்மா. எங்க ஊட்ல அழுதுகினு கீது" என்றான். அவன் ஒருவன்தான் என்னை வையவில்லை.

இதெல்லாம் போகட்டும். திருவல்லிக்கேணியில் நாத்தனாருக்கு ஒரு வரன் அநேகமாகத் திகைந்திருந்தது. அவர்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: ஜன்னல் வழியாகப் பிற ஆண்களைப் பார்க்கிற பெண் எங்களுக்கு வேண்டாம். என் மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கதையில் எழுதிய ஜன்னலுக்காக, திருவல்லிக்கேணித் தெருவையே பார்த்திராத ஒரு பெண்ணுக்கு வந்த வரன் போய்விட்டது.

நான்தான் அவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சொன்னால் அந்தப் பையனும் கூடவே வருவானே? சனிக்கிழமை தவறாமல் அவனைப் பற்றி ஊரைக் கூட்டிவைத்து வாசித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். அவர் முகம் எப்படிப் போகும்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் கதையைப் படித்துவிட்டு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி வந்தார். ஏரியைத் தூர்த்துக் கட்டின புது நகரில் சொந்த வீடு, ஒரே பிள்ளை, அவனுக்கு ரயில்வேயில் உத்தியோகம். தரகர் கிடையாது, தூது கிடையாது. நேராக வந்தார், மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கொழந்தை உங்காத்துலதானே இருக்கா? எனக்கே குடுத்துடுங்கோ. எங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். அவளைப் பேசச் சொல்லி ஒருத்தரும் படுத்த மாட்டோம்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

என் மாமியார் திகைத்துப்போனார். நானும்தான். வைதவர்களைப் பார்த்தாகிவிட்டது, இப்படிப் பிரியம் வைத்தவரைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. இந்த மாமி கேட்பது என் நாத்தனாரை இல்லை. நான் எழுதினவளை! கல்யாணமாகிப் போகிறவள் காலம் பூராவும் என் கதாநாயகியாக வேஷம் கட்ட வேண்டும். இல்லையென்று தெரிகிற அன்றைக்கு அவள் கதி என்ன? தனியாக மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "வாயை மூடு. நீ கெடுத்ததை ஸ்வாமியே சரி பண்ணியிருக்கார்" என்றார். என் கணவருக்கும் அதே அபிப்பிராயம். நாத்தனாரை யாரும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல நாள் பார்த்துப் பெண் பார்க்க வந்தார்கள். மாமி, மாமா, பிள்ளை. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. பெண் வந்து நமஸ்காரம் பண்ணினாள். வழக்கமாக அடுத்தது பாட்டு. நாத்தனாருக்கோ முதல் பாடமான ஸரளி வரிசைகூடத் தெரியாது.

கதையில் ஒரு கட்டம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வார்கள், அவளுக்குக் குரல் எழும்பாது. ஊமை என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் போன பிறகு கிணற்றடியில் தனியாக நின்று அதே பாட்டை முழுசாகப் பாடுவாள்.

மாம்பலத்து மாமி எங்கள் எல்லோரையும் பார்த்து, "எனக்குத் தெரியும். இவ நம்ம எதிர்ல பாட மாட்டா. எல்லாரும் எழுந்திருங்கோ, வாசல்ல போய் நிக்கலாம். நீ கிணத்தடியில போய்ப் பாடும்மா, நாங்க இங்கேருந்தே கேட்டுக்கறோம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே எழுந்தார். அவர் பின்னால் மாமா, பிள்ளை, என் கணவர், நாங்கள் எல்லோரும் வாசலில் போய் நின்றோம். தெருவில் போகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு கையைக் கூப்பினார். மாமியார் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தார். நான் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை. நாத்தனார்தான் வந்தாள், நிலைப்படியில் நின்றாள்.

"எனக்குப் பாட்டு வராது மாமி. வெட்கமெல்லாம் இல்லை. கத்துக்கவே இல்லை."

குரல் கணீரென்று இருந்தது. அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஆனா கதையில..." என்றார் மாமி.

"அந்தக் கதையிலே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது மாமி. அண்ணா படிக்கறச்சே நான் அடுக்களையில, வந்தவாளுக்கெல்லாம் காப்பி போட்டுண்டிருப்பேன். எல்லாரும் நான்தான், நான்தான்னு சொல்றா. நான் இல்லை."

என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் சுவரைப் பார்த்தார். மாம்பலத்து மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. முடிந்தது, இந்த வரனும் போயிற்று என்று நான் நினைத்த நேரத்தில், அது வரை தலை நிமிராத பிள்ளை பேசினான்.

"நானும் படிக்கலை. அம்மாதான் படிப்பா. எனக்குக் கதைன்னா தூக்கம் வந்துடும்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுகூட இல்லை, பளிச்சென்று. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரித்து அந்தத் தெரு கேட்டிருக்காது. பிள்ளையும் சிரித்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நாங்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா மெல்லத் தொண்டையைக் கனைத்து, "அப்புறம் என்ன, உள்ளே போய்த் தாம்பூலம் மாத்திக்கலாமே" என்றார். நல்ல மனிதர்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் மாமிக்கு மனசு ஆறவில்லை. நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனால் கண் என் மேல் இருந்தது.

"அப்போ அது யாரும்மா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காப்பி போட்டுக்கொண்டிருந்த பெண் நிலைப்படியில் நின்று நிஜத்தைச் சொல்லிவிட்டாள். எழுதினவள் நான் என்ன பண்ணுவது?

"நான்தான் மாமி" என்றேன்.

முதலில் மாமியார் சிரித்தார். "இவளுக்கு வெக்கமாம்! கேட்டேளா?" என்று மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் கணவருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ வாயை மூடிண்டு நான் பார்த்ததே இல்லை சார்!" என்று பிள்ளை முதுகில் தட்டினார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனை நாள் பயந்து செத்திருக்கிறேன்! சொன்னால் நம்பவே மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நாத்தனாரும் சிரித்தாளா என்று பார்க்காமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மாமி பின்னாலேயே வந்தார். கூடத்தில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கதவை லேசாகச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "எதிராத்துப் பையன் அப்புறம் என்னம்மா ஆனான்?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி" என்றேன்.