ஏரித் தண்ணீரில் தோய்த்த கத்தி

நான் கத்தி அடிக்கப் பழகிய வருஷம், ஒல்லாந்தர் கோட்டை வாசலில் மீன் அறுக்கும் ஒரு அம்மாள் உப்பு ஏரிக்கரையிலிருந்த என் பட்டறைக்கு வருவார். இடது கையை முந்தானையில் சுற்றியிருப்பார். புதுக் கத்தியை எடுத்துக் கல்லில் ஓங்கி அடிப்பார். உடைந்தால் ஏரியில் வீசிவிட்டுப் போய்விடுவார்.

ஏழாவது கத்தியும் உடைந்த அன்று கத்தினேன். “மீன் அறுக்கிறவளுக்கு இரும்பைப் பத்தி இன்னா தெரியும்?”

கையில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தார். சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.

“உன் மொதக் கத்தி கெளுத்தி மண்டைல உடைஞ்சு விரலை வாரிடுச்சு. இன்னொருத்திக்கு இப்டி ஆவக் கூடாதுன்னுதான் உடைக்கிறேன். கோட்டைக் கருமான் காய்ச்சின இரும்பைக் கிணத்துத் தண்ணிலதான் தோய்க்கிறான். நீ ஏரி உப்புத் தண்ணில தோய்க்கிற. அதுல சட்டுனு குளுந்து இரும்பு நொறுங்கிப் போவுது.”

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இன்றும் ஒவ்வொரு கத்தியையும் நானே கல்லில் ஓங்கி அடித்த பிறகுதான் விற்கிறேன்.