ஹலோ அக்கா விழுங்கிய வரி

அந்த வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருஷமாகத் தொலைபேசி எடுக்கிறவளுக்கு ‘ஹலோ அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக் கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து ஹலோ என்பாள் என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அது பொய். இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அதனாலேயே இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. வீட்டில் அடிபட்ட பெண்கள் பேசுவதை முன்பெல்லாம் இயந்திரத்தில் குரலைத் தடிப்பாக்கி ஒலிபரப்புவார்கள். ஒருமுறை தடித்த குரலையும் பக்கத்து வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தப் பெண்கள் சொன்னதை நிருபர்கள் எழுதித் தருவார்கள், ஹலோ அக்கா வாசிப்பாள். அழமாட்டாள், மூக்கை உறிஞ்சமாட்டாள். முடிந்ததும் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நிற்பாள். தண்ணீர் வீணாகிறதே என்று யாரும் கேட்டதில்லை.

அன்று காலை வந்த தாளில், புருஷனிடமிருந்து தப்பி ஒளிந்திருக்கும் ஒருத்தியின் கதை. ஊரே கேட்கட்டும், இருக்கிற இடம் மட்டும் தெரியக்கூடாது என்று நிருபரின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாளாம். ஆனால் நடுவில் ஒரு வரி: ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க மரம் அறுக்கிறார்கள், அந்தச் சத்தத்திலும் இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

மரம் அறுக்கும் பட்டறை ஊருக்கே ஒன்றுதான். அந்த வரியை எடுத்துவிடும்படி செய்தி ஆசிரியரிடம் போய்க் கேட்டாள்.

“அதுதாம்மா இதுக்கு உயிரே.”

“அவ உயிரு, சார்?”

அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

நேரடி ஒலிபரப்பு. அந்த வரி வந்ததும் ஹலோ அக்கா அதை விழுங்கி, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததற்குத் தாவினாள். ஆசிரியர் முறைத்ததை அவள் பார்க்கவே இல்லை. பார்க்காமலிருப்பதில் அவள் கெட்டிக்காரி.

பத்து நிமிஷத்தில் தொலைபேசி அடித்தது.

“நீதான வாசிச்சே?” ஆண் குரல். மெதுவானது, கோபமே இல்லாதது. “குரல் உன்னோடது. பேச்சு என் பொண்டாட்டியோடது.”

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

“நடுவுல ஒரு மூச்சு விட்டே. அந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

அவன் மூச்சு காதுமடலில் படுவது போலிருந்தது. தாள் அவள் கையில்தான் இருந்தது. அந்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள், அவனுக்குத் தெரிந்துவிடும் என்பது போல.

“நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை,” என்று இயந்திரம் மாதிரியே சொல்லி வைத்தாள். வேறு நாளாயிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

விஷயத்தைக் கேட்டதும் நிருபர் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் ஓடினாள். மத்தியான மறுஒலிபரப்பை நிறுத்தவா என்று கேட்டதற்கு, வேண்டாம், போடுங்கள் என்றாளாம் அவள். ஆசிரியர் பேனாவை எடுத்து அந்த வரியைத் தானே அடித்தார். ஒருமுறை போதாதென்று மேலும் இருமுறை அடித்தார்.

காலையில் பதிவானதைப் போடவில்லை. ஹலோ அக்கா புதிதாக வாசித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே அளவு மூச்சு விட்டாள்.

மறுபடி தொலைபேசி அடித்தது. அதே மெதுவான குரல்.

“இப்ப எல்லா இடத்துலயும் நிறுத்துற,” என்றான்.

“ஹலோ, எந்தப் பிரிவு வேணும்?”

அவன் வைத்துவிட்டான். அவளும் ரிசீவரை வைத்தாள். எழுந்து போனாள். குழாய்ச் சத்தம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டியும் கேட்டது. அதுவரை ஆசிரியர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசி எடுத்தார். அவருக்கு ஹலோ சொல்லவே வரவில்லை.

கடைசியாகத் தொலைபேசியில் பேசியது நிருபர். அந்தப் பெண்ணை வேறிடத்தில் சேர்த்தாயிற்று. அங்கே ஒரு சத்தமும் இல்லையாம். தூக்கம் வருமோ என்னவோ.