முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு மட்டிக்குலை தொங்குகிறது. கொட்டாரத்தில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் எடுத்தது. பழைய சேலையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்தே சென்னைக்குக் கொண்டுவந்தேன். மட்டி எங்கள் ஊர்ப்பக்கத்துச் சின்ன வாழைப்பழம். பிள்ளைகளுக்கு முதன்முதலில் மசித்து ஊட்டுவது இதைத்தான். பச்சையாக வந்த குலை மேல்சீப்பிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. மணம் படுக்கையறை வரை வருகிறது. எனக்குத்தான் ஒரு பழம் பிய்க்க மனம் வரவில்லை.

குலையைப் படைத்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் சபையில் அந்தப் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். இன்னதற்காக ஸ்தோத்திரம் என்று போதகர் வாசிப்பார். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம். எடுத்தவர் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். வேறொரு ஸ்தோத்திரத்தைச் சொல்லித் திருப்பியும் வைக்கலாம். திருப்பி வைத்தால் மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் நாலு வீட்டுச் சந்தோஷத்தைச் சுமந்துவிட்டு ஐந்தாவது வீட்டில் குழம்பாவதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம்.

பல வருடங்களுக்கு முன் நான் திருவனந்தபுரத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தேன். நாட்டிலேயே இடம் கிடைக்க அரிதான ஒரு மேலாண்மைக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. கொட்டாரம் ஜங்ஷனில் சித்தி வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில்தான் அந்த அழைப்பைப் பிரிண்ட் எடுத்தேன். எடுத்த கையோடு என்னை நானே எடைபோட ஆரம்பித்தேன். எஞ்சினியரிங், சாஃப்ட்வேர், என்னைப் போல வரிசையில் நிற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நுழைவுத்தேர்வு மதிப்பெண் விளிம்பில். இங்கிலீஷ் பேசினாலும் எங்கள் ஊர் ராகம் ஒட்டிக்கொண்டு வரும். முந்தைய வருடங்களில் சேர்ந்தவர்கள் தங்கள் மதிப்பெண்ணையும் அனுபவத்தையும் இணையத்தில் எழுதிப்போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொருவரிடமும் தோற்று, கடைசியில் கிடைக்காது என்று முடிவுகட்டினேன். கிடைக்காததற்கு எதற்கு லீவு போட்டு அலைய வேண்டும், போகவே வேண்டாம் என்று சித்தியிடமும் சொன்னேன். அவள் மிஷினில் பேப்பர் அடுக்கினாள்.

அந்த வாரம்தான் பண்டிகை. சித்தி தன் வீட்டுப் பின்னால் முதன்முதலாகக் குலை தள்ளிய வாழையை வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "சகோதரியின் அக்காள் மகளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்." சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வெளியே வந்ததும் சித்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்டர்வியூவுக்கே போகல்ல சித்தி. கிட்டாதுன்னு நான் சொன்னது காதுல விழல்லியா?"

"விழுந்துச்சு மக்கா. கிட்டின பொறவு ஸ்தோத்திரம் சொல்லதுக்கு எல்லாராலயும் முடியும்" என்றாள், சாதாரணமாக.

விசுவாசம் என்று அவள் அதைச் சொல்லுவாள். சுத்தக் கிறுக்கு என்று நான் நினைத்தேன். ஆனால் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரிடமும் போய், நான் நேர்முகத்துக்கே போகப்போவதில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் போனேன். போனதால் கிடைத்தது. இன்று எனக்கிருக்கும் வேலை, இந்த வீடு எல்லாம் அந்தப் பொய்யான ஸ்தோத்திரத்தில் தொடங்கியவை.

அந்தக் கல்லூரியில் படித்தவள் என்பதால் உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் வாய்ப்புக் கேட்பது வழக்கமாயிற்று. மதிப்பெண்களை அனுப்பினால் போதும், நான் சொல்லிவிடுவேன். சொன்னால் தப்பாது என்று என் வாய்க்கு ஒரு பெயர். இரண்டு வருடத்துக்கு முன் சித்தியின் மகள் அனுப்பினாள். நுழைவுத்தேர்வில் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் டிகிரி மதிப்பெண் குறைவு. படித்து முடித்தபின் ஒரு நீண்ட இடைவெளி. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சித்தி கடையைப் பார்க்க, இவள் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டிய காலம் அது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பழக்கதோஷத்தில் அதை இடைவெளி என்றுதான் படித்தேன்.

"அந்த காலேஜ் கஷ்டம்டீ. வேற எடம் பாரு" என்றேன், மிகவும் தன்மையாக.

"சரிக்கா" என்றாள். விண்ணப்பிக்கவில்லை. இப்போது ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள்.

நான் சொன்னது தப்பில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனால் மறுநாள் சித்தி ஃபோனில் சொன்னதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. "நீ சொன்னா செரியாத்தான் இருக்கும் மக்கா. சொன்னது நல்லதாப் போச்சு, பிள்ள வீணா ஆசப்பட்டிருக்கும்." என் கணக்கை என் விஷயத்தில் ஒரு பொருட்டாகவே மதிக்காதவள், பெற்ற மகள் விஷயத்தில் அப்படியே நம்பிவிட்டாள். சண்டை போட்டிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் அவளுடைய குலைக்குப் போதகர் வாசித்தது, "வீட்டார் சுகத்துக்காக" என்று மட்டும்தான். ஏலத்தில் நான் விடாமல் கேட்டு எடுத்தேன். ஏலம் விட்டவர் குலையைத் தூக்கிப் பிடித்தபடி, "கொண்டு போறியளா, திருப்பி வைக்கியளா?" என்று கேட்டார். எதிரே சித்தியின் மகள், சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்காகத்தான் ஏலத்திலேயே கலந்துகொண்டேன். ஆனால் வாய் திறக்கிற நேரத்தில் அவள் டிகிரி மதிப்பெண் ஞாபகத்துக்கு வந்தது. "கொண்டு போறேன்" என்றேன்.

இன்று காலை பழ மணம் தாங்காமல் அவளுக்கு ஃபோன் செய்தேன். இந்த வருடத்து விண்ணப்பத்துக்கு இன்னும் தேதி இருக்கிறது, போட்டுவிடு என்றேன்.

"கிட்டுமாக்கா?" என்றாள்.

கிட்டும் என்று சொல்லத்தான் ஃபோன் செய்திருந்தேன். சித்தியாக இருந்தால் கேள்வி முடியுமுன்னே சொல்லியிருப்பாள். நான் ஒரு மூச்சு தாமதித்துவிட்டேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"அம்மைக்க மட்டிக்கொல பழுத்துட்டாக்கா?" என்று பேச்சை மாற்றினாள்.

"பழுத்துட்டுடீ" என்றேன்.