பீரோவில் தோண்டிய சுரங்கம்

செவ்வந்தி தாளில் வரைந்து பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறாள். ஒரு சாண் துணிகூட வீணாக்கியதில்லை. அப்படிப்பட்டவளிடம் மகளிர் மன்றத்துப் போட்டி நோட்டீஸ் வந்து சேர்ந்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, சுவரில் படம்போல மாட்டுகிற போர்வை ஒன்று தைக்க வேண்டுமாம். ஒரே நிபந்தனை: எதையும் வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்தே முடிக்க வேண்டும்.

சுரங்கத்தையே தைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். மேலே செம்மண், நடுவில் வெள்ளைக் களி, அடியில் கரி, ஓரத்தில் சுற்றிலும் வாளிகள் வைத்து மண்ணை வாரும் ராட்சதச் சக்கரம். செம்மண்ணுக்குப் பழைய குங்குமக் கலர் சேலை, களிக்குப் படுக்கை விரிப்பு. சக்கரத்து வாளிகளுக்குத்தான் ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் கணவர் சிங்காரவேலின் ஜோடி தொலைந்த சாக்ஸ் பதினான்கு அகப்பட்டன. குதிகால் பக்கமாக வெட்டினால் அச்சு அசல் வாளி.

கரிக்கு மட்டும் கறுப்பு இல்லை. பீரோவின் அடித்தட்டில் ஏதாவது கிடக்கும் என்று கையை விட்டாள்.

“நிறுத்து!” என்றார் சிங்காரவேல். சுரங்கத்தில் அந்தச் சக்கர மெஷினை ஓட்டுபவர் அவர். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். “அடியிலேர்ந்து உருவினா மேல இருக்கறதெல்லாம் சரிஞ்சி வுழும். மொதல்ல மேல்மண்ண எடுக்கணும்.”

“இது பீரோங்க.”

“எதுவா இருந்தா இன்னா? வேலைன்னா ஒரு மொற இருக்குல்ல?”

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவர் இறங்கிவிட்டார். மேல்தட்டுத் துணிகள் கட்டிலுக்குப் போயின. அதற்கு மண்மேடு என்று பெயரும் வைத்தார். ஊசி இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஆபிதாவையும் விடவில்லை, நடுவில் நிறுத்தித் துணிகளைக் கைமாற்றச் சொன்னார்.

“அண்ணே, நான் கான்ட்ராக்டா, பர்மனென்டா?” என்று கேட்டாள் அவள்.

“இப்பத்திக்கு கான்ட்ராக்ட். வேலைய பாத்துட்டு சொல்றேன்.”

சாயங்காலம் மேடு மின்விசிறியை நெருங்கியபோது அடித்தட்டில் அவருடைய கல்யாணக் கோட்டு தெரிந்தது. நல்ல கறுப்பு. “கரி தட்டுப்பட்டுடுச்சி!” என்று குதித்தவர், அதை வெட்டப் போகிறார்கள் என்பதையே மறந்து டேப் வைத்துக் கனம் அளந்தார்.

மறுநாள் காலையில்தான் தெரிந்தது, அவருடைய துவைத்து வைத்த யூனிபாரம் இரண்டும் மேட்டுக்கு அடியில். இழுத்தால் சரியும். இழுக்க அவர் சம்மதிக்கவில்லை. போனில் லீவு சொன்னார்.

“மண் சரிவு அபாயங்க சார்.”

“எந்த மைன்ல?” என்று மறுமுனையில் அதிகாரி அலறியது செவ்வந்தி காதிலேயே விழுந்தது.

“எங்க வூட்லங்க.”

அன்று பகலில் மன்றத் தலைவி சத்யப்பிரியா இரண்டு பேரோடு வேலையைப் பார்வையிட வந்தார். செவ்வந்தி வரைபடத்தை எடுத்து நீட்டினாள். அந்தம்மா அதைப் பார்க்கவேயில்லை. கட்டிலைப் பார்த்தபடியே வாசற்படியில் நின்றுவிட்டார்.

“இதுதாங்க கலை. ஒரு குடும்பத்தோட மொத்த வாழ்க்கையும் இதுல இருக்கு. மூணு நாளைக்கு யாரும் தொடாதீங்க.”

“அது போர்வை இல்லீங்க, குவியல்” என்றாள் செவ்வந்தி.

“அந்தப் பணிவுதான் உங்க கிட்ட எனக்குப் பிடிச்சிருக்கு.”

முதல் பரிசு குவியலுக்கே போனது. பிளாக் பிளாக்காக ஜனங்கள் வந்து பார்த்தார்கள். சிங்காரவேல் லுங்கியோடு கட்டிலருகே நின்று, சரிவு எத்தனை டிகிரி இருந்தால் மேடு நிற்கும் என்று எல்லாருக்கும் விளக்கினார். விரிப்புகள் எல்லாம் மேட்டில் இருந்ததால் இருவரும் வெறுந்தரையில் படுத்தார்கள். தைத்துத் தைத்து விரல் தேய்ந்தவளுக்கு, தைக்காததற்குப் பரிசு வந்ததை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

நான்காம் நாள் காலை அவர் பல் துலக்கப் போன நேரம் பார்த்து, அடியிலிருந்து குங்குமச் சேலையை ஒரே இழுப்பாக உருவினாள். மேடு லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான்.

ஒன்பது நாளில் தைத்து முடித்துக் கூடத்தில் மாட்டினாள். கோட்டுக் கரி பளபளத்தது. சாக்ஸ் வாளிகள் புடைத்து நின்றன. சிங்காரவேல் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“வாளி தப்பா திரும்பிக்கினு இருக்கும்மா. சக்கரம் இந்தப் பக்கம் சுத்தாது.”

“இது என் மைன்ஸு. இங்க அப்பிடித்தான் சுத்தும்” என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி அவசர ரவிக்கை ஒன்றுக்குக் கைவெட்டப் போனாள்.