கன்றில் அறுத்த இலை

தவசிமுத்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தால் சமையற்காரர்கள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து நிற்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டால் அன்றைய சமையல் தேறியது என்று பொருள். ராஜபாளையத்துக் கல்யாண வீடுகளில் வெகுகாலமாக இதுதான் நடப்பு. பரிமாறுகிறவன் வாளியோடு குனிந்தால் இலைமேல் கையை விரித்து "போதும்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அண்ணாச்சி எலைய மடக்குறதுக்குள்ள அடுத்த பந்திக்கே எலை போட்டிரலாம்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வைத்ததை மிச்சம் வைத்தால் வைத்தவள் மனம் நோகும் என்பது அவர் கட்சி.

சத்திரப்பட்டி ரோட்டில் அவருக்கு எட்டுத் தறி ஓடியது. காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணிதான் சரக்கு. தொண்ணூற்றேழாம் வருஷம் அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தறிச் சத்தத்துக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்குவார். வீட்டில் அவர் குறட்டை விட்டால் மனைவி பரிபூரணம் நிம்மதியாக உறங்குவாள். குறட்டை நின்றால் பதறி எழுந்து விலாவில் ஒரு இடி கொடுப்பாள். மூச்சு நின்றுபோய்த் திரும்ப வருகிற உறக்கம் அது. சர்க்கரை ஏறிவிட்டது. முழங்கால் உடம்பைச் சுமக்க மறுத்தது. புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைப் பார்க்கப் போனவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினார். மதுரை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இதே உடம்போட ரொம்ப நாள் போகாது" என்றார்.

மகன் ராஜரத்தினம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து அப்பாவின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கிறவன். அவன்தான் அங்கே ஒரு டாக்டரைப் பிடித்தான். இரைப்பையின் மேல்பகுதியைத் தைத்துத் தடுத்து, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிற மாதிரி செய்கிற ஆபரேஷன்.

"எம்புட்டு பெருசு இருக்கும்?" என்று கேட்டார் தவசிமுத்து.

"ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு வச்சுக்கோங்கப்பா. அதுலயும் பாதிதான்."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டீ கிளாஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். பதினைந்து கிலோவாவது இறங்கிய பிறகுதான் மேஜையில் படுக்கவேண்டும். ஈரலில் கொழுப்பு மண்டிக் கிடந்தால் கத்தி வைக்க வழியில்லை. அடுத்தது, பிறகு எப்படிச் சாப்பிட வேண்டுமோ அப்படியே இப்போதிருந்து பழக வேண்டும். சின்னக் கிண்ணம். ஒவ்வொரு வாயும் கூழாகிற வரை மெல்ல வேண்டும். பழகாதவருக்கு ஆபரேஷன் கிடையாது.

தவசிமுத்துக்குக் கத்தியை விட ஊரை நினைத்துத்தான் அதிகப் பயம். "தின்னே கெடுத்துட்டு இப்ப வயித்தத் தைக்கப் போறாராம்" என்பார்களே. "ஏட்டி, ஒருத்தருக்கும் மூச்சு விடாத" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினார். கல்யாணமாகி நாலு மாதமான மருமகள் ஜெயபாய் சிங்கப்பூர் விசாவுக்குக் காத்துக்கொண்டு அதே வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கும் தெரியாது. வந்த புதிதிலேயே மாமனாரைப் பற்றி இப்படி ஒரு செய்தி அவள் காதில் விழ வேண்டுமா என்று அவருக்குக் கூச்சம்.

நடை தொடங்கினார். அதற்கும் ஊர் விடவில்லை. தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். "என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா? ஏறுங்க." வேண்டாம் என்றால் மரியாதையில்லை. ஏறிக்கொள்வார். ஒரு வாரம் இப்படி ஊரார் வண்டியிலேயே நடைப்பயிற்சி செய்துவிட்டு, பிறகு பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், செண்பகத்தோப்புக் காட்டுப் பாதையில் நடந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. காட்டிலாகாக்காரர்கள் மட்டும், இந்தப் பெரிய மனுஷன் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எடை பார்ப்பது தறிக்கூடத்தில். நூல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். தறிக்கார இருளப்பசாமி ஒருநாள் பார்த்துவிட்டான்.

"என்ன மொதலாளி, எத்தனாம் நம்பர் நூலு?"

"தராசு சரியா இருக்கான்னு பாக்கேன்டா."

"தராசு தாங்குதான்னு பாக்கியளாக்கும்னு நெனைச்சேன்."

முள் மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்தது. ஒரு சாயங்காலம் பரிபூரணம் தறிக்கூடத்துக்கு மோர் கொண்டுபோனபோது, மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுப் பேண்டேஜ் துணியை வயிற்றின்மேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசம் நெய்யுதேன். எவன் காயத்துக்குப் போகுதுன்னு ஒருநாளும் நெனைச்சதில்ல" என்றார். "மேல தொட்டு கீழ வரை கிழிப்பாவளாம்."

அவள் துணியின் முனையைப் பிடித்து இழுத்தாள். "ஒங்க வயித்தச் சுத்த ஒரு பேல் பத்தாது. நாமளே கொண்டுபோயிருவோம். இல்லைன்னா அந்தூருல துணிப்பஞ்சம் வந்திரும்."

வீட்டில் இதற்கிடையே வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஜெயபாய் ஆசையாகச் சமைத்து வைப்பாள். மாமனார் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, எதையோ யோசிக்கிற மாதிரி மென்று மென்று, அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவார். கல்யாணத்தில் அவர் சாப்பிட்டதை அவள் கண்ணால் பார்த்தவள். அவள் உப்பைக் குறைத்தாள். பிறகு புளியைக் குறைத்தாள். பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதாள். "மாமா என் கையால சாப்பிட மாட்டேங்காவம்மா."

பங்குனிப் பொங்கலுக்கு வ. புதுப்பட்டியிலிருந்து அழைப்பு வந்தது. ஜெயபாயைப் பெற்ற பொன்னுராஜ் நேரிலேயே வந்து வெற்றிலை பாக்கு வைத்தார். தோட்டம் துரவு உள்ள மனிதர், வார்த்தைக்கு வலிக்குமோ என்று பேசுகிறவர். சம்பந்தி வீட்டு அழைப்பைத் தட்ட முடியாது. போனார்கள்.

கிடா வெட்டியிருந்தார்கள். தலைவாழை இலை, முற்றத்தை அடைக்கிற நீளம். கறிக்குழம்பு, ஈரல் வறுவல், கோழிச்சாறு என்று பொன்னுராஜின் மனைவி பிச்சையம்மாள் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே வைத்தாள். தவசிமுத்து நாலு வாய் மென்றார். பிறகு சோற்றைப் பிசைந்து அங்கிருந்து இங்கே தள்ளினார், இங்கிருந்து அங்கே தள்ளினார்.

"அத்தான், உப்புக் கூடிப்போச்சா?" என்றார் பக்கத்திலிருந்த பொன்னுராஜ்.

"இல்ல மச்சான். நல்லாருக்கு."

"பொறவு?"

"நல்லாருக்குன்னுதான சொல்லுதேன்."

எதிர் வரிசையில் பொன்னுராஜின் சித்தப்பா பால்சாமி எலும்பைக் கடித்தபடி சொன்னார்: "மாப்பிள்ள வீட்டுக்காரவிய பேருக்குக் கைய நனைச்சிட்டு எந்திரிச்சா அதுக்கு அர்த்தம் வேறல்லா."

பொன்னுராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொண்ணுக்குச் செஞ்சதுல கொறை எதுவும் இருந்தா வாயால சொல்லிருங்க அத்தான். எலையில காட்டாதிய."

தவசிமுத்துக்குச் சுருக்கென்றது. அடுப்படி வாசலில் ரசச் செம்போடு நின்ற ஜெயபாயின் முகத்தைப் பார்த்தார். இந்த இலையை முழுசாகத் துடைத்துவிட்டால் அந்த முகம் தெளிந்துவிடும். அவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் இன்றைக்கு இங்கே, நாளைக்கு இன்னொரு வீட்டில் என்று துடைத்துக்கொண்டே போனால் சிங்கப்பூர் ஏது? கை தானாகவே ஒரு பெரிய கவளத்தை உருட்டிவிட்டது. வாய்க்குப் பாதி தூரம் கூடப் போய்விட்டது.

"ஏங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பரிபூரணத்தின் குரல் வந்தது. "நீங்களே சொல்லிருங்க. இல்லைன்னா நான் சொல்லிருவேன்."

கவளத்தை இலையில் வைத்துவிட்டு அவர் சொன்னார். ஆபரேஷனை, டீ கிளாஸை, செண்பகத்தோப்பை, நூல் தராசை, எல்லாவற்றையும் இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

முதலில் வாயைத் திறந்தவர் பால்சாமிதான். "வயித்தச் சுருக்கவா? அதுக்கு எதுக்கய்யா சிங்கப்பூரு? எங்க வீட்ல வந்து ரெண்டு நாள் இருக்கச் சொல்லு. எம் பொண்டாட்டி சமையலுக்குத் தானாச் சுருங்கிரும்."

பந்தியே சிரித்தது. பொன்னுராஜ் சிரிக்கவில்லை. "உசுருக்கு எதுவும்..." என்று இழுத்தார்.

"இப்படியே கெடந்தாத்தான் உசுருக்குன்னு டாக்டரு சொல்லுதாரு மச்சான்."

ஜெயபாய் செம்பைக் கீழே வைத்தாள். "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல மாமா. நான் புளி வரைக்கும் கொறைச்சுப் பாத்துட்டேன்."

"ஒஞ் சமையல் வாசத்துக்குப் பயந்துதான் தாயி நான் அடுப்படிப் பக்கமே வாரதில்ல" என்றார் அவர். அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் சரியாயிற்று, இலையைத் தவிர. விருந்து நிறைந்தது, உறவு தொடரட்டும் என்றால் இலையைத் தன் பக்கமாக மடக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடக்குவது துக்க வீட்டில். மலையாகச் சோறு கிடக்கிற இலையை எப்படி மடக்குவது? தவசிமுத்து அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தார். பொன்னுராஜின் கண் அந்த இலையை விட்டு அகலவில்லை.

அதற்குப் பிறகு கிண்ணத்தை ஜெயபாய் எடுத்துக்கொண்டாள். அவள் அளந்து வைப்பதுதான். மாமனார் அவசரமாக விழுங்கினால் கரண்டியால் கிண்ணத்தில் ஒரு தட்டு தட்டுவாள். பொன்னுராஜ் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸேறி வந்து செண்பகத்தோப்பு நடைக்குச் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மூச்சு வாங்கினால் ஒரு மர நிழலில் நிற்பார்கள்.

"பயமா இருக்கா அத்தான்?" என்று ஒருநாள் கேட்டார் பொன்னுராஜ்.

தவசிமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மொதல்ல கத்திக்குப் பயந்தேன். இப்ப அதில்ல. உசுரோட திரும்பி வந்துட்டேன்னு வச்சுக்கோ. ஒரு கல்யாண வீட்டுக்குப் போறேன். வாங்க அண்ணாச்சின்னு உக்கார வைக்கான், பெரிய எலையா போடுதான். நான் ரெண்டு வாய் தின்னுட்டு, அம்புட்டையும் அப்படியே போட்டுட்டு எந்திரிக்கணும். ஒவ்வொரு வீட்லயும். சோறு வச்சவ மூஞ்சிய எப்படிப் பாக்க? பந்தியில எனக்கு என்ன வேலை இனிமே?"

மேற்கொண்டு நடந்தார்கள். திரும்பி வரும்போது பொன்னுராஜ் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்று, வாழைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தவசிமுத்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

விமானத்துக்கு முந்தின நாள் பொன்னுராஜும் பிச்சையம்மாளும் ராஜபாளையத்துக்கு வந்தார்கள். அன்று காலையில்தான் தவசிமுத்து கடைசியாகத் தராசில் ஏறியிருந்தார். டாக்டர் சொன்ன கணக்குக்கு ஒரு கிலோ பாக்கி. "அது வேட்டியும் பெல்ட்டும்" என்று பரிபூரணம் தீர்ப்புச் சொன்னாள். போனில் ராஜரத்தினம் டாக்டரைக் கேட்டுவிட்டு, "வரச் சொல்லிட்டாருப்பா" என்றான். பிறகு, "பயமில்லையேப்பா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்பாதான் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிச்சையம்மாள் நேரே அடுப்படிக்குள் போனாள். மதியம் பாயை விரித்து உட்கார வைத்தார்கள். பொன்னுராஜ் கொண்டுவந்த ஈரத்துணிப் பொட்டலத்தை அவிழ்த்து, தவசிமுத்துக்கு முன்னால் ஒரு இலையைப் போட்டார்.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் கிழித்த துண்டு இல்லை. வாழைக்கன்றில் அறுத்தது, நுனி, நரம்பு எல்லாம் முறையாக உள்ள முழுத் தலைவாழை இலை. இலையின் நுனி அவருக்கு இடப்பக்கம் வரும்படி பார்த்துப் போட்டார்.

"மரியாதைக்கு நுனி இருந்தாப் போதும்ல அத்தான்" என்றார். "நீளம் என்னத்துக்கு?"

பிச்சையம்மாள் வரிசை தப்பாமல் பரிமாறினாள். ஒரு கல் உப்பு, விரல்நுனியளவு கூட்டு, ஒரு துண்டு ஈரல், ஒரு கரண்டிச் சோறு, மேலே கறிக்குழம்பு. பாயசம் ஒரு சொட்டு. தவசிமுத்து மெல்ல ஆரம்பித்தார். பொன்னுராஜ் தன் பெரிய இலையை முடித்துவிட்டுக் கை காயக் காத்திருந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பருக்கையையும் எடுத்து வாயில் போட்டு, கூழாகிற வரை மென்று விழுங்கியபோது இலை பளிச்சென்று இருந்தது.

பழக்க தோஷத்தில் பிச்சையம்மாள் கரண்டியோடு குனிந்தாள். "இன்னும் செத்த வைக்கட்டா அண்ணே?"

அவர் இலைமேல் கையை விரித்தார். இலை முழுதும் அந்தக் கைக்குள் மறைந்துபோயிற்று.

"போதும் தாயி" என்றார்.

பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் இப்போதுதான் கேட்கிறாள். அவர் இலையைத் தன் பக்கமாக மடக்கி, மேலே ஒருமுறை அழுத்தி வைத்துவிட்டு, பொன்னுராஜைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் பெட்டி கட்டும்போது பொன்னுராஜ் மிச்சமிருந்த கன்றிலைகளை எடுத்து வந்தார். அந்த ஊரில் தட்டில் வைத்துத்தான் தருவார்கள், அத்தானுக்கு அது சரிப்படாது என்பது அவர் கவலை. வாடிவிடுமே என்றாள் ஜெயபாய். தவசிமுத்து எழுந்துபோய்த் தறிக்கூடத்திலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்தார். நனைத்துப் பிழிந்து, இலைகளை அதில் சுற்றத் தொடங்கினார்.

"பிளேன்ல இத விடுவானா?" என்றாள் பரிபூரணம்.

"கேட்டா காயத்துக்குன்னு சொல்லுங்க" என்றார் பொன்னுராஜ்.