தண்ணீர் பிடிக்க இறங்கியவர்

ஹப்சிகுடாவில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜோசியாவின் வீட்டில் சாப்பாட்டு மேசை இல்லை. அதாவது, இருக்கிறது; அதன்மேல் ஒரு ஊர் உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் வெட்டிய சர்ச், இரானி டீக்கடை, சுற்றிச் சுற்றி ஓடும் பொம்மை ரயில். சாப்பிடுவதெல்லாம் தட்டை மடியில் வைத்துத்தான்.

ஊருக்கு ஆட்கள் பார்சலில் வந்தார்கள். எல்லோரும் கோட்டும் தொப்பியும் போட்ட, அரை விரல் உயர வெள்ளைக்காரர்கள். ஜோசியா அவர்களுக்குச் சேலையும் சட்டையுமாக வண்ணம் பூசி, பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"ஒருத்தர்கூட கீழ உக்காரலையே! இது ஸ்டேஷனா, ஸ்கூல் அசெம்பிளியா?" என்றாள் மனைவி ஜெமிமா.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பிளேடை எடுத்து, முட்டியில் வெட்டி மடக்கி ஒட்டி, ஒரு குடும்பத்தையே பெட்ஷீட் விரித்து உட்காரவைத்தார்.

"தண்ணி பிடிக்க இறங்கின ஆளு எங்க?" என்றாள் அவள், விடாமல்.

சொன்னது அவரைத்தான். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஏதாவதொரு ஸ்டேஷனில் பாட்டிலோடு இறங்கிவிடுவார். வண்டி நகர்ந்த பிறகுதான் ஏறுவார். அதுவரை ஜெமிமா பெட்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பாள்.

மறுநாள் பிளாட்பாரக் குழாயடியில், கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் பாட்டிலோடு நின்றார். ரயில் வாசலில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோசியா பெருமையோடு ரயிலின் சுவிட்சில் விரலை வைத்தார். ஜெமிமா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நக்கோ, வேணாம்! இருங்க, நீங்க இன்னும் ஏறல!"